காட்டொலிவம்: ஓர் அடைமொழியின் வரலாறு

பழைய கிரேக்க மொழியில் காட்டு ஒலிவமரத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஒன்று கொத்தினோஸ். மற்றொன்று அக்ரியெலையோஸ். இரண்டும் சுட்டுவது ஒரே மரத்தைத்தான். ஆனால் சுட்டும் விதம் வேறு. கொத்தினோஸ் அந்த மரத்தின் சொந்தப் பெயர்; அதைச் சொல்ல இன்னொரு மரத்தை நினைக்க வேண்டியதில்லை. அக்ரியெலையோஸ் ஒரு கூட்டுச்சொல். ‘எலையா’ என்றால் ஒலிவம். ‘அக்ரியோஸ்’ என்றால் காட்டுத்தனமான, வசப்படாத. தோட்டத்து ஒலிவத்தை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதுவாக இல்லாதது என்று இந்த மரத்தை அடையாளம் காட்டும் பெயர் அது.

பெண்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க அகராதி தேவையில்லை. மேடையில் என்னை அழைப்பவர்கள் ‘பெண் கவிஞர்’ என்று அழைக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வெறும் கவிஞர். அவருக்குச் சொந்தப் பெயர். எனக்கு அடைமொழி வைத்த பெயர்.

நான் தமிழ் கற்பிப்பது தூத்துக்குடியில். ஒலிவமரம் முளைக்காத இந்தக் கரைக்குக் காட்டொலிவம் என்ற சொல் மட்டும் கப்பலேறி வந்து சேர்ந்திருக்கிறது. அது எப்படி வந்தது, வந்து என்ன செய்தது, அதற்குள் இருக்கும் ‘காடு’ என்பது உண்மையில் எது என்று தேடியதன் பயன் இந்தக் கட்டுரை.

ஒலிம்பியாவின் கிளை

ஒலிம்பியாவில் வென்றவருக்குப் பொன் கிடையாது, வெள்ளி கிடையாது. ஜீயஸ் கோயிலருகே நின்ற காட்டொலிவமரத்தின் கிளையை வளைத்து முடியாகச் சூட்டினார்கள். அந்த முடிக்கும் கொத்தினோஸ் என்றே பெயர். தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் சிறுவன் ஒருவன் பொன்னரிவாளால் கிளையை வெட்ட வேண்டும் என்று ஒரு பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. மங்கல காரியத்துக்குச் சுமங்கலியைத் தேடும் ஊரில் வாழ்கிற நமக்கு இந்த விதி புதிதாகத் தோன்றாது.

கி.மு. 388இல் அரங்கேறிய ‘புளூட்டோஸ்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இந்த முடியைக் கேலிக்கு எடுத்துக்கொண்டார். வறுமை அங்கே ஒரு பெண்ணாக வந்து வாதாடுகிறாள். ஜீயஸ் செல்வந்தனாக இருந்தால் வெற்றி வீரர்களுக்குப் பொன்முடி சூட்டாமல் காட்டொலிவத்தையா சூட்டுவான் என்பது அவள் கேள்வி. கேலிக்கும் தாங்கி நின்றது அந்தக் கிளை. 2004இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது பதக்கம் பெற்றவர்கள் தலையில் மறுபடி கொத்தினோஸ் ஏறியது.

காட்டுமரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஒலிம்பியாவில் மணமான பெண்களுக்கு இடமில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த பௌசானியஸ் எழுதுகிறார்: விளையாட்டு நடக்கும் நாட்களில் பெண் அகப்பட்டால் டைபையோன் என்ற மலையின் செங்குத்தான பாறையிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்பது சட்டம். கல்லிபதேரா என்ற விதவை, மகனின் பயிற்சியாளர்போல ஆண் உடையில் உள்ளே போனாள். மகன் வென்றதும் மகிழ்ச்சியில் வேலியைத் தாண்டிக் குதித்தாள், உடை விலகிவிட்டது. அவளை மலைக்குக் கொண்டுபோகாமல் விட்டார்கள். அவளுடைய தந்தை, உடன்பிறந்தவர்கள், மகன் எல்லாரும் ஒலிம்பிய வெற்றியாளர்கள் என்பது காரணம். அந்த ஆண்களுக்காக அவள் உயிர் மிஞ்சியது. அதற்குப் பிறகு பயிற்சியாளர்களும் உடையில்லாமல்தான் வர வேண்டும் என்று விதி செய்தார்கள்.

அதே மைதானத்தில் ஹீரா தேவிக்காகக் கன்னிப்பெண்கள் ஓடும் பந்தயமும் தனியாக நடந்தது. அதை நடத்தியவர்கள் பதினாறு பெண்கள். ஓட்டப்பாதையில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்திருந்தார்கள். வென்ற பெண்ணுக்கு ஒலிவ முடியும் பலியிட்ட பசுவில் ஒரு பங்கும் கிடைத்தன.

ஆண்களுக்கான முடியையும் ஒருத்தி வென்றாள். ஸ்பார்ட்டா அரசன் மகள் கினிஸ்கா கி.மு. 396இலும் 392இலும் தேர்ப்பந்தயத்தில் வெற்றி பெற்றாள். தேர்ப்பந்தயத்தில் முடி ஓட்டியவனுக்கு அன்று, குதிரைகளின் உரிமையாளருக்கு. சொத்து அவளுடையதாக இருந்ததால் விதி அவளைத் தடுக்க முடியவில்லை. கிரேக்கத்துப் பெண்களில் இந்த முடியைப் பெற்றவள் தான் ஒருத்தியே என்று கல்லில் எழுதி ஒலிம்பியாவிலேயே நிறுத்தினாள். அவளால் பந்தயத்தைப் பார்க்க முடிந்திருக்குமா என்பது வேறு கதை.

பெபேயாள் கொண்டுபோன கடிதம்

அக்ரியெலையோஸ் என்ற இரண்டாவது பெயர் உலகமெல்லாம் பரவியதற்குக் காரணம் ஒரு கடிதம். கி.பி. 57ஐ ஒட்டி ரோமாபுரிச் சபைக்குப் பவுல் கிரேக்கத்தில் எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இச்சொல் இரண்டு முறை வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை.

இஸ்ரவேல் மக்கள் தோட்டத்து ஒலிவமரம். அதிலிருந்து சில கிளைகள் முறிந்தன. அந்த இடத்தில், யூதரல்லாத மக்களாகிய காட்டொலிவக் கிளைகள் ஒட்டுவைக்கப்பட்டன. ஆகவே பழைய கிளைகளை இளக்காரமாகப் பார்க்காதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்பது பவுலின் வாதம். வந்தேறிய கிளையின் கர்வத்தை அடக்கவே அவர் இந்த உவமையை எடுத்தார் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இக்கடிதத்தை எடுத்துச் சென்றவள் ஒரு பெண் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள். 16ஆம் அதிகாரம் அவளை அறிமுகம் செய்துதான் தொடங்குகிறது. கொரிந்து நகரின் கீழைத் துறைமுகமான கெங்க்ரேயாவைச் சேர்ந்த பெபேயாள். அவளுக்குப் பவுல் தரும் பதவிப்பெயர் ‘தியாகோனோஸ்’. ஆண்களுக்கு வரும்போது சபைப் பொறுப்பாகவே படிக்கப்படும் அந்தச் சொல், தமிழ் வேதாகமத்தில் அவளுக்கு ‘ஊழியக்காரி’ ஆகியிருக்கிறது. துறைமுகத்துப் பெண் ஒருத்தி மூட்டைக்குள் வைத்துக் கடல் கடத்திய சொல் அக்ரியெலையோஸ்.

அந்தச் சொல்லுக்கு எதிராகப் பவுல் நிறுத்துவது ‘கல்லியெலையோஸ்’. அழகிய, நல்ல ஒலிவம். சீர்திருத்தச் சபையினர் கையிலுள்ள தமிழ் வேதாகமம் இவ்விரண்டையும் ‘காட்டொலிவமரம்’, ‘நல்ல ஒலிவமரம்’ என்று பெயர்த்தது. மூலத்துக்கு நெருக்கமான பெயர்ப்புத்தான். ஆனால் இந்த இணையைப் பாருங்கள். காட்டுக்கு எதிர்ச்சொல் நாடு இல்லை, தோட்டமும் இல்லை, ‘நல்லது’.

முத்துக்குளித்துறைக்கு வந்த ஒலிவம்

பவுல் அந்தக் கடிதத்தை எழுதிய அதே நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் ‘எரித்ரேயக் கடல் வழிகாட்டி’ என்ற கையேட்டை எழுதினார். அதில் நம் கரை இருக்கிறது. பாண்டியர் ஆட்சியில் ‘கொல்கோய்’ என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடக்கிறது, குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறார். கொல்கோய் நம் கொற்கை. இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. பெண்களைப் பற்றி அவர் குமரியில்தான் பேசுகிறார். அங்கே ஒரு தேவி நீராடினாள் என்றும், இல்லறம் துறக்க விரும்பும் ஆண்களும் பெண்களும் அங்கே வந்து தங்குகிறார்கள் என்றும் எழுதுகிறார்.

கிரேக்க மாலுமிக்கு இந்த ஊர் தன் சொந்தப் பெயரோடு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த போர்த்துகீசியர் கடற்கரை முழுவதையும் ‘பெஸ்காரியா’ என்றார்கள். பிடிக்கும் கரை. தமிழில் முத்துக்குளித்துறை. ஊரின் பெயர் போய், ஊரிலிருந்து எடுப்பதன் பெயர் நின்றது. எடுத்தது எங்கெல்லாம் போயிற்று என்பதற்கு ஓர் உதாரணம்: இக்கரையின் வரியில் ஒரு பங்கு போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அந்தப் பணத்தை உபதேசியார்களின் சம்பளத்துக்காகக் கேட்டு வாங்கினார்.

1530களின் நடுவில், முத்துக்குளிப்பு உரிமை பற்றிய மோதலில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். உடன் உழைத்த மன்சிலாசுக்கு 1544இல் அவர் எழுதிய கடிதங்களில் இக்கரைப் பெண்கள் வருகிறார்கள். எப்படி? சாராயம் குடிப்பவர்களாக. குடித்த பெண்ணுக்கு அபராதமும் மூன்று நாள் அடைப்பும் என்று உத்தரவு. காட்டுக்கிளையைத் தோட்டத்தில் சேர்க்கும் வேலை முதலில் பெண்ணின் உடலில்தான் தொடங்குகிறது என்பதற்கு இந்தக் கடிதங்கள் சான்று.

ஒலிவம் இக்கரைக்கு வந்தது மரமாக அல்ல, எண்ணெயாக. கத்தோலிக்கத் திருச்சபையில் பூசுதலுக்குரிய தைலம் ஒலிவ எண்ணெயாகவே இருக்க வேண்டும் என்ற விதி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தளர்ந்தது. அதுவரை பிறந்த குழந்தையின் நெற்றிக்கும் அவஸ்தை பூசும் முதியவளின் கைக்கும் வேண்டிய எண்ணெய் கப்பலில் வர வேண்டியிருந்தது. மரத்தை யாரும் பார்த்ததில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு ஐரோப்பியர் சிலர் ஒலிவக்கிளை ஏந்துவார்கள்; நம் பெண்கள் தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவை முடைந்தார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்துக்கு அதே மரம் அரபிச் சொல்லாக வந்தது: ஸைத்தூன். திருக்குர்ஆனில் இறைவன் ஆணையிடும் மரங்களுள் ஒன்று. ‘ஜைத்தூன்’ என்று பெண்குழந்தைகளுக்கும் பெயர் வைக்கிறார்கள். அங்கே அடைமொழி இல்லை. மரம் மரமாகவே பெண்ணின் பெயராயிற்று.

எண்ணெய் என்ற நம் சொல்லையும் பிரித்துப் பாருங்கள். எள் + நெய். எள்ளின் நெய்யைக் குறித்த சொல் தேங்காய்க்கும் கடலைக்கும் மண்ணுக்கும் பொதுவாயிற்று. கிரேக்கத்திலும் இதே கதை. எலையாவின் சாறு ‘எலையோன்’. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்தின் ‘ஆயில்’ ஆகி, மோட்டார் வண்டிக்கும் ஊற்றப்படுகிறது. ஒவ்வொரு மண்ணும் தன் வித்திலிருந்து பொதுச்சொல்லை உண்டாக்குகிறது. அவர்களுக்கு நல்ல ஒலிவம், நமக்கு நல்லெண்ணெய்.

ஆகக் காட்டொலிவமும் நல்ல ஒலிவமும் இக்கரையின் காதுக்கு வந்தபோது, இரண்டு மரங்களையும் பார்த்தவர் இல்லை. மரங்கள் விலகிக்கொண்டன. எஞ்சியவை இரண்டு அடைமொழிகள்: காட்டு, நல்ல.

ஒலிவத்தின் காட்டு உறவினர் தமிழ் மண்ணில் இல்லாமலும் இல்லை. தாமிரபரணி பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் ஒலிவப் பேரினத்து மரம் ஒன்று வளர்கிறது. தமிழில் அதற்கு இடலை என்று பெயர். தனிப்பெயர், அடைமொழியற்றது. தாவரவியலார் அதற்கு வைத்த பெயர் ஒலியா டயோய்க்கா. ஆண்பூ ஒரு மரத்திலும் பெண்பூ வேறு மரத்திலும் பூப்பதால், கிரேக்கத்தில் ‘இரண்டு வீடு’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடு நமக்கும் உண்டு. எது நம் வீடு என்பதுதான் கேள்வி.

கொழும்புக்குப் போனால் இன்னொன்று. சிங்களத்தில் வெரளு, இலங்கைத் தமிழில் வெரளிக்காய். ஒலிவத்துக்கு உறவே இல்லாத அந்தக் காயை ஐரோப்பியர் ‘சிலோன் ஒலிவம்’ என்றார்கள். அதன் பேரினத்துக்கே ‘ஒலிவக்கனி’ என்று பொருள்படும் எலியோகார்பஸ் என்ற கிரேக்கப் பெயர் நிலைத்தது. நம் உருத்திராட்சமும் அதே பேரினம். சிவனடியார் கழுத்தில் கிடப்பதும் ஏட்டின்படி ஓர் ஒலிவக்கனி. பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் தோட்டத்து மரமே உலகத்துக்கு அளவுகோல்.

ஒட்டு

பவுலின் உவமையில் ஒரு தலைகீழ் இருக்கிறது. மா ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். நாம் நாட்டு மாங்கன்றை அடியில் வைத்து, இனிப்பு மாமரத்தின் குச்சியை மேலே கட்டுகிறோம். வேர் நாட்டுக்கன்றுடையது, கனி குச்சியுடையது. ஒலிவத்துக்கும் வழக்கமான முறை அதுவே. பவுல் காட்டுக்குச்சியை நல்ல மரத்தில் ஒட்டுகிறார். நகரத்தில் வளர்ந்தவருக்குத் தோட்ட வேலை தெரியவில்லை என்று சிலர் சொன்னார்கள். காய்க்காமல் போன ஒலிவமரத்தைத் துளையிட்டுக் காட்டொலிவக் குச்சியைச் செருகும் முறையை அதே நூற்றாண்டு ரோம எழுத்தாளர் கொலுமெல்லா எழுதியிருப்பதை வேறு சிலர் காட்டினார்கள். இது இயற்கைக்கு மாறானது என்று பவுலே ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்.

என்னை நிறுத்தியது வேறொன்று. வழக்கமான ஒட்டில் காட்டுமரம் எங்கே இருக்கிறது? மண்ணுக்கடியில். வறட்சியையும் பாறையையும் தாங்குவது அது. மேலே காய்ப்பவை ‘நல்ல’ மரத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. அடியிலிருந்து அதன் சொந்தத் துளிர் கிளம்பினால் கிள்ளி எறிய வேண்டும் என்பது தோட்டக்காரர் அறிந்த விதி.

ஒலிவத்தின் கொட்டையை விதைத்தால் முளைப்பது பெரும்பாலும் காட்டொலிவம்போன்ற மரம் என்பதை, தாவரங்களைப் பற்றி எழுதிய தியோஃபிராஸ்டஸ் கி.மு. 300ஐ ஒட்டியே கண்டிருந்தார். இரண்டும் ஒரே இனம் என்கிறது இன்றைய தாவரவியல். நல்ல ஒலிவம் நல்லதாக நீடிப்பது விதையால் அல்ல, தலைமுறைதோறும் வெட்டியும் நட்டும் ஒட்டியும் வைக்கும் கையால். கை நின்றுவிட்டால் அடுத்த விதையில் காடு திரும்பிவிடும்.

குடும்பப் பெண் என்ற சொல்லையும் இப்படித்தான் பராமரிக்கிறார்கள். பிறந்த இடத்தில் வெட்டி, புகுந்த இடத்தில் ஒட்டி, ஒட்டு பிடித்ததா என்று ஓராண்டு பார்ப்பார்கள். பிடிக்காமல் திரும்பியவளுக்கு வாழாவெட்டி என்று பெயர். முறிந்த கிளையையும் மறுபடி ஒட்ட முடியும் என்று பவுல் இடம் வைத்தார். நம் சொல் அந்த இடத்தையும் வைக்கவில்லை.

காடு என்பது எது?

அக்ரியோஸ் என்ற சொல்லின் வேர் ‘அக்ரோஸ்’. அக்ரோஸ் என்றால் காடு என்றா நினைக்கிறீர்கள்? வயல். உழுது விதைக்கிற நிலம். ஆங்கிலத்தின் ‘அக்ரிகல்ச்சர்’ இதே குடும்பத்துச் சொல்தான். வீட்டுக்கும் ஊருக்கும் வெளியே இருப்பது வயல். வெளியே இருப்பதால் வயலைச் சேர்ந்தது ‘அக்ரியோஸ்’ ஆயிற்று. அக்ரியோஸ் மெல்ல மெல்ல அடங்காதது, முரடானது என்று பொருள் மாறிற்று. வெளியே நிற்பது என்பதுதான் காட்டுத்தனத்தின் முதல் பொருள்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. எங்கள் மாவட்டத்தின் வடபகுதி கரிசல். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். அங்கிருந்து வந்த மாணவியிடம், பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஏன் வரவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “அம்மா காட்டுக்குப் போயிருக்காங்க, மேம். உளுந்து எடுக்காங்க” என்றாள். கடற்கரையிலிருந்து வந்த பக்கத்துப் பெண் சிரித்தாள். அவளுக்குக் காடு என்றால் புலி. கரிசல் பெண்ணுக்குக் காடு என்றால் கூலியும் களையும் கதிரறுப்பும். கிரேக்கமும் கரிசலும் தொடர்பில்லாமலே ஒரே முடிச்சைப் போட்டிருக்கின்றன: வயலையும் வனத்தையும் ஒரே சொல்லில்.

அந்த மாணவியின் சேர்க்கைப் படிவத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். தந்தை தொழில்: விவசாயம். தாய் தொழில்: இல்லத்தரசி. இந்தப் படிவம் அவளுடையது மட்டுமன்று. உப்பளத்தில் வெயிலுக்கு முன்னே வாருகோல் பிடிக்கும் பெண்களின் மகள்களும் இப்படியே எழுதுகிறார்கள். ‘அளத்துக்குப் போறாங்க’ என்று வாயால் சொல்வார்கள். பேனா பிடித்தால் ‘இல்லத்தரசி’. யாரும் மிரட்டி எழுதச் சொன்னதில்லை. வீட்டுக்குள் இருப்பவள் நல்ல ஒலிவம் என்று படிவம் கேட்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கிரேக்கத்தில் வீட்டுக்கு ‘ஒய்கோஸ்’ என்று பெயர். அக்ரோஸில் உழைக்கிறவளை ஒய்கோஸில் பதிவு செய்யும் ஏடு இது. இதன் விளைவு சொல்லோடு நிற்பதில்லை. பட்டா அவள் பெயரில் இல்லை. விவசாயி என்ற தகுதி கேட்கும் கடனுக்கும் நிவாரணத்துக்கும் அவள் எதைக் காட்டுவாள்? கினிஸ்காவுக்கு முடி கிடைத்தது குதிரைகள் அவள் பெயரில் இருந்ததால்.

காட்டு என்ற அடைமொழியைப் பெருமையாகச் சூடிக்கொள்ளலாம் என்று தோழிகள் சிலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு கவிதை எழுதியதுண்டு. இப்போது எனக்கு அது போதவில்லை. அடைமொழியைத் தலைகீழாக்கினாலும் அளவுகோல் பழைய தோட்டமாகவே இருக்கிறது. கொத்தினோஸுக்கும் இடலைக்கும் இருந்ததுபோலத் தனிப்பெயர் வேண்டும். காட்டில் வேலை செய்கிறவளுக்கு விவசாயி என்பதே அந்தப் பெயர். அளத்தில் நிற்கிறவளுக்கு உப்பளத் தொழிலாளி. முன்னே ‘பெண்’ என்று எதையும் ஒட்ட வேண்டாம்.

இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் படிவம் நிரப்பும்போது ஒரு வேலை செய்கிறேன். தாய் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும், நேற்று விடிந்ததிலிருந்து அம்மா செய்த வேலைகளை வரிசையாக எழுதிவிட்டுப் பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்கிறேன். சிலருக்குக் கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதுகிறார்கள்.